பொதுச்சேவை ஆய்வு யாருக்காக? திருகோணமலையை முன்வைத்து ஒரு பார்வை

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் சனங்களை ஏற்றிச்சென்ற ‘பாதை’ என்னும் மிதவை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் களப்பு நீரில் மூழ்கி இறந்தனர். புதிய பாலம் கட்டுவதற்காகப் பழைய பாலம் அகற்றப்பட்டிருந்தது. வேலை முடியும் வரை ஊர்ச்சனம் அக்கரை போய்வர அந்த மிதவையையே நம்பியிருந்தது.

அன்று மாலைக்குள் நாடு முழுவதும் ஒரே கேள்விகளைக் கேட்டது. அனுமதி கொடுத்தவர் யார்? எத்தனை பேரை ஏற்றலாம் என்று யார் பார்த்தார்கள்? உயிர்காப்பு அங்கி ஏன் இல்லை? பாலத்தை உடைக்கும் முன் மாற்றுவழி ஏன் ஆயத்தமாக இருக்கவில்லை? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம் உண்டு. பாலம் ஒருவர் பொறுப்பு. உள்ளூர் அனுமதி இன்னொருவர் பொறுப்பு. பிள்ளைகள் பாடசாலைக்கு வருவது வலயக் கல்வி அலுவலகத்தின் கவலை. பொதுப் பாதுகாப்பு பொலிசாரின் கடமை. கிண்ணியாவில் நகர சபையும் உண்டு, பிரதேச சபையும் உண்டு, பிரதேச செயலகமும் உண்டு. ஆனால் அந்தத் துறையைக் கடப்பதை ஒரு முழுச் சேவையாக, ஒரு பிள்ளை வீட்டிலிருந்து வகுப்பறை வரை போகும் வழியாக, யார் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்டால் உடனே விடை வராது.

பொதுச்சேவைகளின் முகாமைத்துவம் பற்றிப் பல்கலைக்கழகங்கள் செய்யும் ஆய்வு எதற்கு என்ற கேள்வியை நான் இங்கிருந்து தொடங்க விரும்புகிறேன். அதற்கு உலகம் இதுவரை சொன்ன விடைகள் பல. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த மாவட்டத்தின் அனுபவத்தோடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

மாவட்டத்தை அறிந்தவர் யார்?

ஆங்கிலேயர் காலத்தில் மாவட்டத்தைப் பற்றிய அறிவு கச்சேரியில் இருந்தது. அரசாங்க அதிபரும் உதவி அரசாங்க அதிபரும் நாட்குறிப்பு எழுதினார்கள். ஆண்டுதோறும் நிர்வாக அறிக்கை அனுப்பினார்கள். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் பணியாற்றிய லெனாட் வூல்ஃபின் நாட்குறிப்புகள் பிற்காலத்தில் நூலாகவே வந்தன. 1871இல் முதலாவது குடிசன மதிப்பீடு நடந்தது. மழை, விளைச்சல், காய்ச்சல், குளக்கட்டு, வழக்கு என்று எல்லாம் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. அந்த அறிவின் நோக்கம் வரியும் ஒழுங்கும்தான். ஆனாலும் ஒருவர் முழு மாவட்டத்தையும் ஒன்றாகப் பார்த்தார்.

பிறகு அந்த மேசை பல மேசைகளாகப் பிரிந்தது. 1963இல் விதானைமார் முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் கச்சேரியின் அதிகாரங்கள் பலவற்றைப் பிரதேச செயலாளருக்கு மாற்றியது. இணைந்திருந்த வடக்கு–கிழக்கு, 2006இன் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2007 தொடக்கத்தில் இரண்டு மாகாணங்களாகியது. இன்று திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் இருக்கின்றன. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கணிசமாக வாழும் மாவட்டம் இது.

அதிகாரம் கிராமத்துக்கு நெருங்கி வந்தது நல்லதே. ஆனால் சேவைகள் துண்டு துண்டாயின. ஒரு வீட்டு வாசலிலுள்ள ஒழுங்கை பிரதேச சபையுடையது. அது சேரும் வீதி மாகாணத்துடையது. அந்த வீதி ஏறும் பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. ஒரே ஊரில் ஒரு பாடசாலை தேசியப் பாடசாலை, அடுத்தது மாகாணப் பாடசாலை. சின்னக் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ், பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ். துறைமுகக் கரையில் இது இன்னும் கூடுதல். கொட்டியாரக் குடாவிலிருந்து சீனக்குடா வரை ஒரே நீர்தான். அதன் கரையிலோ துறைமுக அதிகார சபை, கடற்படை, கடற்றொழில் திணைக்களம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், உள்ளூராட்சி சபைகள் என்று பலருக்கும் பொறுப்பு. வள்ளத்தை எங்கே கட்டுவது என்ற மீனவரின் கேள்வி இத்தனை கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது.

ஆய்வு தேவைப்படும் இடம் இதுதான். ஆனால் ஆய்வுலகம் எப்போதும் இந்த இடத்திலிருந்து தொடங்கவில்லை.

முதல் விடை: நிர்வாகிக்குக் கைகொடுப்பது

1887இல் வூட்ரோ வில்சன், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானவர், நிர்வாகத்தைத் தனியொரு படிப்பாகக் கொள்ள வேண்டும் என்று எழுதினார். அரசாங்கம் எதைச் செய்யலாம், அதை எப்படிக் குறைந்த செலவில் திறமையாகச் செய்யலாம் என்று கண்டறிவதே அந்தப் படிப்பின் வேலை என்றார். அறுபது ஆண்டுகள் கழித்து ஹேர்பட் சைமன் அதற்கு ஒரு கடுமையான திருத்தம் சொன்னார். நிர்வாகத் தத்துவங்கள் என்று ஓதப்படுபவை பழமொழிகளைப் போல ஒன்றுக்கொன்று எதிரானவை. எது எங்கே பலிக்கும் என்று சோதித்துப் பார்க்காத வரை அவற்றால் பயனில்லை என்பது அவர் வாதம்.

இலங்கையில் இந்த விடைக்கு நல்ல சான்றுகள் உண்டு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவு ஒரு பரிசோதனையாகத்தான் ஆரம்பித்தது. ஒரு வட்டாரத்துக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவிச்சிமாரும் என்ற அந்த ஒழுங்கு பலன் தந்தது. பிறகு நாடெங்கும் பரவியது. 1934–35இல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன மலேரியாவிலிருந்து 2016இல் நாடு விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. வீடு வீடாகப் போன களப்பணியும், ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர்ந்த கண்காணிப்பும், ஆய்வுகூட அறிவும் சேர்ந்ததால் கிடைத்த வெற்றி அது. பேராதனையின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே செய்த வேலை இன்னுமொரு சான்று. அவசியமான மருந்துகள் எவை, அரசு எவற்றை எப்படி வாங்க வேண்டும் என்று அவர் ஆராய்ந்ததன் தொடர்ச்சியாக 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. ஒரு பேராசிரியரின் பட்டியல் ஒரு தாயின் கைக்கு மலிவான மருந்தாக வந்து சேர்ந்தது.

உத்தியோகத்தர்களைப் பயிற்றுவிக்க 1966இல் நிர்வாகக் கல்விக்கென ஒரு கழகம் அமைந்தது. அதுவே பின்னர் இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகமாக வளர்ந்தது. இந்த வழியின் பலம் அதன் பயன். அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. கேள்வியை அலுவலகம் கேட்கிறது. ஆய்வாளர் விடை தேடுகிறார். அலுவலகம் கேட்காத கேள்வி ஆராயப்படாமலே போகிறது. குறிஞ்சாக்கேணிப் பாதை எந்த அலுவலகத்தின் கேள்வியாகவும் இருந்திருக்காது.

இரண்டாவது விடை: மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் புரிந்துகொள்வது

1980இல் மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்க அறிஞர், அரசின் கொள்கை தலைநகரில் முடிவாவதில்லை என்று காட்டினார். ஆசிரியரும் பொலிசாரும் நலன்புரி உத்தியோகத்தரும் அன்றாடம் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளே சனங்களுக்குக் கொள்கையாகப் போய்ச் சேருகின்றன. வேலை அதிகம், வளம் குறைவு, விதிகளோ ஒன்றுக்கொன்று முரண். இந்த நெருக்கடியில் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வழியைக் கண்டுபிடிக்கிறார்கள் என்றார்.

இந்த அறிவு திருகோணமலையில் யாருக்கும் உடனே புரியும். ஜீ.எஸ். என்று ஊர் அழைக்கும் கிராம உத்தியோகத்தரை எடுத்துக்கொள்வோம். வதிவிடச் சான்று, நற்சான்று, வாக்காளர் இடாப்பு, வெள்ள நிவாரணப் பட்டியல், காணி விசாரணை, அயல் சண்டை எல்லாம் அவர் மேசைக்கு வருகின்றன. யுத்தத்திலும் 2004 டிசம்பர் 26இன் சுனாமியிலும் பத்திரங்களை இழந்த ஒரு பெண் அவரிடம் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிறப்புப் பதிவு தேடியும் கிடைக்கவில்லை. உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இவர் அறிக்கை வேண்டும். அவள் மூன்று முறை இடம்பெயர்ந்தவள். இவரோ அந்தப் பிரிவுக்கு அண்மையில் மாற்றலாகி வந்தவர். அவளை இவருக்குத் தெரியாது. கையெழுத்து வைத்தால் நாளை விசாரணை வரலாம். வைக்காவிட்டால் அவளுக்கு அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கும் இல்லை, உதவியும் இல்லை. இந்த ஒரு கையெழுத்துக்கு முன்னால் அவர் தயங்கும் நிமிடத்தைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் பேசுவதில்லை. ஆய்வு பேச வேண்டும். குற்றம் காண்பதற்கு அல்ல. எந்த விதியை மாற்றினால் அவருக்குப் பயமில்லாமலும் அவளுக்கு அலைச்சலில்லாமலும் போகும் என்று காண்பதற்கு.

மொழியும் இங்கேதான் சோதிக்கப்படுகிறது. தமிழ் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பில் இருக்கிறது. ஒரு படிவம் எந்த மொழியில் கொடுக்கப்பட்டது, எந்த மொழியில் நிரப்பப்பட்டது, யார் மொழிபெயர்த்தார், பதில் எந்த மொழியில் வந்தது என்பதை மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் மட்டுமே அறியலாம். மொரவெவவில் இருக்கும் தமிழருக்கும் மூதூரில் இருக்கும் சிங்களவருக்கும் இது ஒரே கேள்வி.

மூன்றாவது விடை: அளப்பது

1980களிலிருந்து அரச சேவையை வணிக நிறுவனம் போல நடத்த வேண்டும் என்ற அலை எழுந்தது. அந்த அலையின் கூறுகளை 1991இல் கிறிஸ்டோபர் ஹூட் வகுத்து விமர்சித்தார்: இலக்கு, அளவீடு, போட்டி, ஒப்பந்தம். 1995இல் மார்க் மூர், அரச முகாமையாளர் இலாபத்தை அல்ல, பொதுப் பயனை உண்டாக்குகிறார் என்று வாதிட்டார். இந்த விவாதத்திலிருந்து நமக்கு மிஞ்சியது அளவீட்டின் மீதான நம்பிக்கை.

அளப்பது வீணல்ல. பங்களாதேஷ், இந்தியா, இந்தோனேசியா, உகண்டா, பெரு, ஈக்குவடோர் ஆகிய ஆறு நாடுகளில் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்து 2006இல் வெளியான ஆய்வு, ஆசிரியர்களில் 19 வீதமும் சுகாதார ஊழியர்களில் 35 வீதமும் பணியிடத்தில் இல்லை என்று கண்டது. எண் இல்லாமல் அந்த உண்மை யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் இராஜஸ்தானின் உதய்பூரில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சகாக்களும் செய்த ஆய்வு அடுத்த பாடத்தைத் தந்தது. தாதியர் வரவை நேர முத்திரை இயந்திரம் மூலம் கண்காணித்தபோது முதலில் வரவு கூடியது. பிறகு சுகாதார நிர்வாகமே விதிவிலக்கு நாட்களைத் தாராளமாக வழங்கத் தொடங்கியது, பலன் கரைந்தது. இயந்திரம் சரியாகவே அளந்தது. அளவீட்டைக் காக்கும் விருப்பம் மேலே இருக்கவில்லை.

நமது அண்மைப் பாடம் அஸ்வெசும. 2023இல் சமுர்த்தியின் இடத்துக்கு வந்த இந்த நலன்புரித் திட்டம், கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு வறுமையைக் கணக்கிட்டது. அரசியல் சிபாரிசுக்கு இடமில்லாமல் ஒரே அளவுகோல் என்ற எண்ணம் நியாயமானது. ஆயினும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் வந்தன. இந்தக் கரையின் வாழ்க்கையைத் தெரிந்தவருக்கு அதில் வியப்பில்லை. குச்சவெளியிலோ புல்மோட்டையிலோ கரைவலை இழுக்கும் குடும்பத்துக்கு ஒரு பருவம் வருமானம், ஒரு பருவம் பட்டினி. வாடைக்காற்று பலத்தால் கடல் மூடும்; வள்ளம் கரையில் ஏறும். எந்த மாதத்தில் கணக்கெடுப்பவர் வந்தார் என்பதே அந்த வீட்டின் நிலையை மாற்றிவிடும். அளவுகோலை இந்தப் பருவத்தோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வு கொழும்பிலிருந்து வர வேண்டியதில்லை. கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது.

நான்காவது விடை: சனங்களோடு சேர்ந்து கற்பது

ஆய்வு என்பது வெளியே நின்று பார்ப்பது மட்டும்தானா? கிழக்கு மாகாணமே அதற்கு விடை தந்திருக்கிறது. கல்லோயா இடதுகரை வாய்க்கால்கள் 1970களின் முடிவில் சீரழிந்து கிடந்தன. தண்ணீர் கடைமடைக்குப் போவதில்லை. 1981 முதல், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளைக் கிராமங்களில் தங்கவைத்தன. அவர்கள் விவசாயிகளோடு பேசினார்கள். ஒரே வாய்க்காலில் நீர் பெறுவோரைச் சிறு குழுக்களாக ஒன்றுசேர உதவினார்கள். விவசாயிகள் வாய்க்காலைத் தாங்களே துப்புரவாக்கினார்கள். முறைபோட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். தலைமடையில் மிச்சம்பிடித்த நீரைக் கடைமடைக்கு விட்டார்கள். தலைமடையில் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் விவசாயிகள். நாட்டில் இனவன்முறை எரிந்த ஆண்டுகளில் இது நடந்தது. 1988இல் விவசாயிகளின் பங்கேற்போடு நீர்ப்பாசனத்தை நடத்துவது அரசின் கொள்கையானது. இந்த அனுபவத்தை கோர்னெல் அறிஞர் நோர்மன் அப்ஹொஃப் 1992இல் நூலாக்கினார். பொதுவளத்தைப் பயனாளிகளே விதி வகுத்துப் பேணலாம் என்று உலக அளவில் நிறுவியதற்காக எலினோர் ஒஸ்ட்ரோம் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவரும் தம் சான்றுகளில் கல்லோயாவைச் சேர்த்தார்.

அந்த இளம் பட்டதாரிகளில் பலர் நிலைத்திருக்கவில்லை. அவர்கள் பதவி தற்காலிகமானது. நிரந்தர வேலை கிடைத்ததும் போய்விட்டார்கள். ஒரு நல்ல ஆய்வு சேவையாக நிலைக்காமல் போவதற்கு இப்படிப்பட்ட சாதாரணமான நியமன விதி போதும்.

திருகோணமலையில் தண்ணீர் வேறு கதையையும் சொல்லும். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2006 ஜூலையில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த மாவிலாறு மதகு மூடப்பட்டது. அல்லை நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்கள் நீரின்றி நின்றன. அங்கிருந்து நாடு முழு யுத்தத்துக்குள் போனது. சம்பூர் மக்கள் அந்த ஆண்டு வெளியேறி, 2015இல்தான் சொந்த நிலத்தில் கால் வைக்கத் தொடங்கினர். ஒரு மதகைத் திறப்பதும் மூடுவதும் வெறும் பொறியியல் வேலை என்று இந்த மாவட்டத்தில் யாரும் சொல்ல முடியாது. அதை யார் நடத்துகிறார், யார் நம்புகிறார், யார் பேச அழைக்கப்படுகிறார் என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

ஆய்வின் மீதுள்ள குறைகள்

ஆய்வுலகின் மீது சனங்களுக்கும் உத்தியோகத்தருக்கும் உள்ள மனக்குறை நியாயமானது. சுனாமிக்குப் பின் கிண்ணியா வைத்தியசாலை சிதைந்து கிடந்தபோது, மூதூர் முகாம்களுக்குக் கேள்விக்கொத்துகளோடு குழு குழுவாக வந்தார்கள். அதே காலத்தில் தெற்கில் 100 மீற்றர், வடகிழக்கில் 200 மீற்றர் என்று கடலோரத் தடைவலயம் அறிவிக்கப்பட்டது. கடலுக்குப் பக்கத்தில் வாழ்வதே தொழிலான மீனவரிடம் அதன் விளைவைக் கேட்டறிந்து விதி வகுத்திருந்தால் பின்னால் அதைத் தளர்த்த வேண்டி வந்திருக்காது. நிவாரணத்தைப் பங்கிட அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2005 ஜூனில் கைச்சாத்தான கூட்டுக் கட்டமைப்பும் நீதிமன்றத் தடையோடு நின்றது. தகவல் சேகரித்தவர்கள் பலர். அதைச் சொன்னவர்களிடம் திரும்பி வந்தவர்கள் சிலர்.

பல்கலைக்கழகத்துக்குள்ளும் தடைகள் உண்டு. பதவி உயர்வுக்கு வெளிநாட்டு ஆங்கில இதழ் வேண்டும். கச்சேரி வாசிக்கக்கூடிய தமிழ், சிங்கள அறிக்கைக்குப் புள்ளி குறைவு. மாணவர் ஆய்வேடுகள் நூலகத்தோடு நின்றுவிடுகின்றன. அலுவலகமோ ஆய்வாளரை உளவாளியைப் போலப் பார்க்கிறது. அப்படிப் பார்ப்பதற்குக் காரணமும் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி கடற்படை, எண்ணெய்த் தாங்கி, வல்லரசுப் போட்டி பற்றியவை. அந்தத் துறைமுகத்தின் கரையில் குப்பை எப்படி அள்ளப்படுகிறது, மகப்பேற்றுக்குப் போகும் தாய் வெருகலிலிருந்து எப்படி வருகிறாள் என்பது அரிதாகவே ஆய்வுப் பொருளாகிறது.

திருகோணமலைக்கு வேண்டிய ஆய்வு

நான்கு விடைகளும் தேவையானவைதான். நிர்வாகிக்கு உதவுவது, உத்தியோகத்தரைப் புரிந்துகொள்வது, அளப்பது, சேர்ந்து கற்பது. ஆனால் இவற்றை ஒன்றாகக் கட்டும் நோக்கம் ஒன்று வேண்டும். ஒவ்வொரு அலுவலகமும் தன் எல்லைக்குள் தன் வேலையைப் பார்க்கும். சனங்கள் அந்த எல்லைகளை ஊடறுத்து வாழ்கிறார்கள். எந்த அலுவலகத்துக்கும் கீழ்ப்படாத ஒருவரால்தான் அந்த முழுவழியையும் நடந்து பார்த்து எழுத முடியும். அதற்காகத்தான் பொதுமக்கள் பணத்தில் பல்கலைக்கழகம் நடக்கிறது.

இதை நடைமுறையில் சொல்வதானால், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் மாவட்ட செயலகமும் மாகாண நிர்வாகமும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைகள் உண்டு. மாவட்டத்தில் பாலமற்ற துறைகள், பாலவேலை நடக்கும் கடவைகள் எல்லாவற்றையும் ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்து, எங்கே எத்தனை பிள்ளைகள் எப்படிக் கடக்கிறார்கள், பொறுப்பு யாருக்கு என்று வெளியிடலாம். பதினொரு பிரதேச செயலகங்களிலும் ஒரு சேவைக்கு எத்தனை முறை வர வேண்டியிருக்கிறது, எந்த மொழியில் பதில் கிடைக்கிறது என்று ஒரே முறையில் பார்க்கலாம். நலன்புரிக் கணக்கெடுப்பை மீன்பிடிப் பருவத்தோடு பொருத்திச் சோதிக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கோப்புகளைக் கேட்டுப் பெற அந்தச் சட்டமே வழி. முடிவுகளை முதலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, தகவல் தந்த ஊரிலேயே கூட்டம் வைத்துச் சொல்ல வேண்டும். பிழையென்று ஊர் சொல்வதையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும். இப்படி எழுதப்படும் அறிக்கைக்குப் பதவி உயர்வில் வெளிநாட்டு இதழ்க் கட்டுரைக்கு நிகரான புள்ளி கொடுக்கப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முன்வர வேண்டும்.

ஓர் ஆய்வேடு ஒரு பாலத்தைக் கட்டாது. ஆனால் பாலம் இல்லாத காலத்தில் பிள்ளைகளின் உயிருக்கு யார் பொறுப்பு என்று பாலம் உடைக்கப்படும் முன்பே எழுத்தில் கேட்க முடியும். அந்தக் கேள்வியை உரிய நேரத்தில், உரிய மொழியில், உரியவர் அனைவரையும் ஒரே மேசைக்கு அழைத்துக் கேட்பதே பொதுச்சேவை ஆய்வின் முதல் கடமை. மற்ற எல்லாப் பயன்களும் அதற்குப் பிறகுதான்.